பத்தாம் வகுப்புக்குக் குடிமையியல் நடத்திக்கொண்டே அரசியலமைப்பு படித்தது

அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியை நான். கல்லூரியில் படித்தது வரலாறு. எங்கள் பாடத்தில் இது பழைய சங்கடம்தான். வரலாறு படித்தவரோ புவியியல் படித்தவரோ, யாராக இருந்தாலும் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என நான்கையும் நடத்தியாக வேண்டும். இதில் குடிமையியல் மட்டும் 'வாசித்தாலே புரிந்துவிடும்' என்று கடைசிக்குத் தள்ளப்படும். புக் பேக் கேள்விகளை மனப்பாடம் செய்யவைத்து, ஒரு மதிப்பெண் வினாக்களைத் தேற்றிவிட்டால் போதும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு.

பணியிடைப் பயிற்சிகள் இல்லாமல் இல்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில்சார் பயிற்சி வேண்டும் என்கிறது. நம் மாநிலம் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை என்றாலும் பயிற்சி நாள்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் போன பயிற்சிகள் பெரும்பாலும் எப்படி நடத்துவது என்பதைப் பற்றியவை: கற்றல் விளைவுகள், மதிப்பீட்டு முறை, திறன் பலகை. பயனில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதை நடத்துவது என்பதில் எனக்கிருந்த ஓட்டை அங்கே அடைபடவில்லை. அடிப்படை உரிமை பறிபோனால் உச்ச நீதிமன்றத்துக்குப் போக வழிசெய்யும் சட்டப்பிரிவு 32-ஐ அரசியலமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று அம்பேத்கர் சொன்னார் என ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். எந்த விவாதத்தில், யாருக்குப் பதிலாகச் சொன்னார் என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அஞ்சல்வழியில் எம்.ஏ. அரசியல் அறிவியல் சேரலாமா என்று முதலில் யோசித்தேன். துறை அனுமதி, கட்டணம், இரண்டு வருடம் என்று கணக்குப் போட்டதும் அந்த ஆசை அடங்கிவிட்டது. அப்புறம்தான் ஒன்றிய அரசின் 'ஸ்வயம்' என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் அரசியலமைப்புப் பாடங்கள் இருப்பதைப் பார்த்தேன். ஜனவரியில் ஒரு பருவம், ஜூலையில் ஒரு பருவம். சேர்வதற்குக் கட்டணம் கிடையாது. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் பணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும். தலைமையாசிரியரிடம் சொன்னேன். "தாராளமா படிங்க டீச்சர், பத்தாம் வகுப்பு ரிசல்ட் மட்டும் குறையக் கூடாது" என்றார். ஜூலைப் பருவத்தையே எடுத்தேன். யாராவது சேர்வதாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஜனவரியில் சேர்ந்தால் திருப்புதல் தேர்வு, பொதுத்தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தம் எல்லாம் ஒன்றாக வந்து கழுத்தை நெரிக்கும்.

முதல் சில வாரங்கள் கஷ்டம். விரிவுரை எல்லாம் ஆங்கிலம். எதிரில் இருப்பது சட்டக்கல்லூரி மாணவர்கள் என்ற நினைப்பிலேயே பேராசிரியர்கள் பேசுகிறார்கள். வழக்கின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நானோ அந்தப் பெயரை எழுதிக்கொள்ளவே காணொளியை நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு ஒரு வழி பிடிபட்டது. அந்த வாரம் வரப்போகும் வழக்குகளின் கதையை முதலில் படித்துவிடுவது, சட்டப்பிரிவின் வாசகத்தை அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பில் பார்ப்பது, அதற்குப் பிறகுதான் விரிவுரை. வரலாறு படித்த நமக்குக் கதையிலிருந்து சட்டத்துக்குப் போவதுதான் இயல்பாக வருகிறது.

இதில் எனக்குப் பெரிய திறப்பு சண்பகம் துரைராஜன் வழக்கு. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை, கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பிரித்தது. பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு ஜூனில் முதல் சட்டத்திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்கு அரசு சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) சேர்ந்தது. இத்தனைக்கும் சண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. போட்டாலும் இடம் கிடைக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு வழக்குப் போட்டார். இது தீர்ப்பிலேயே இருக்கிறது. முதல் திருத்தம் பிறந்ததில் நம் ஊர் வழக்குக்கு இவ்வளவு பங்கு இருக்க, நான் அதை வெறும் ஆண்டாக எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் பலகையில் 14 கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் யாருக்கு இடம் என்று எழுதவைத்தேன். "அப்ப கோர்ட்டு சொன்னது தப்பா மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். தப்பு, சரி என்று நான் சொல்லவில்லை. சாதி, மதம் போன்ற காரணம் காட்டி அரசுக் கல்வி நிறுவனத்தில் இடம் மறுக்கக் கூடாது என்று அன்று அரசியலமைப்பில் இருந்த 29(2)-ஐ வாசிக்கச் சொன்னேன். பிறகு 15(4)-ஐ வாசிக்கச் சொன்னேன். நீதிமன்றத்துக்கு முன்னால் இருந்தது எது, நாடாளுமன்றம் சேர்த்தது எது என்று அவளே பிரித்துச் சொன்னாள். சாதி பற்றிய பாடம் என்றாலே வகுப்பில் ஓர் இறுக்கம் வந்துவிடும். வாசகத்தைக் கையில் கொடுத்துவிட்டால் பேச்சு அதன்மேல் போகிறது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்மேல் போவதில்லை.

படிப்புக்கு வெளியே, யாரும் சொல்லாமல் நான் தேடிப்போனது அரசியலமைப்பு நிர்ணய சபை விவாதங்களை. 1946 டிசம்பர் 9 தொடங்கி நடந்தவை எல்லாம் 12 தொகுதிகளாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுதாகப் படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பதன் நாளைத் தேடி, அந்த நாளின் விவாதத்தை மட்டும் படித்தால் போதும். பிரிவு 17-க்கு 1948 நவம்பர் 29. தீண்டாமை ஒழிப்பு நிறைவேறியதும் உறுப்பினர்கள் 'மகாத்மா காந்திக்கு ஜே' என்று முழங்கியது அப்படியே பதிவாகியிருக்கிறது. வரைவுக்குழுவில் ஏழு பேர் என்று நாம் நடத்துகிறோமே, அதற்கு 1948 நவம்பர் 5. ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் அரசு அலுவல்களில், கடைசியில் சுமை முழுவதும் அம்பேத்கர் தலையில்தான் விழுந்தது என்று டி.டி.கிருஷ்ணமாச்சாரி சபையிலேயே கணக்குச் சொல்லியிருக்கிறார்.

வகுப்பில் எடுபட்டது முகவுரை விவாதம், 1949 அக்டோபர் 17. 'கடவுளின் பெயரால்' என்று முகவுரை தொடங்க வேண்டும் என சபை உறுப்பினர் எச்.வி.காமத் திருத்தம் கொண்டுவந்தார். கடவுள்மேல் வாக்களிக்கும் சங்கடத்துக்கு எங்களை ஆளாக்காதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டார். காமத் விடவில்லை. ஆதரவு 41, எதிர்ப்பு 68. இதைத் தமிழில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். முடிவைச் சொல்லாமல் முதலில் வகுப்பிலேயே வாக்கெடுப்பு. எங்கள் வகுப்பில் காமத் ஜெயித்துவிட்டார்! பிறகு உண்மையான எண்ணிக்கையைச் சொன்னதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சாமி கும்பிடுறவங்களே வேணாம்னு ஓட்டுப் போட்டாங்களா மிஸ்?" என்றான். அந்தக் கேள்விக்கு இரண்டு பாடவேளை போனது. பாடத்திட்டம் முடிக்கவில்லையே என்ற பதற்றம் எனக்கும் இருந்தது. 'இந்திய மக்களாகிய நாம்' என்ற தொடக்கம் ஏன் என்று அதற்கப்புறம் தனியாக விளக்கவேண்டி வராததால் நேரம் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது.

வாராந்தர ஒப்படைப்புகள் பெரும்பாலும் கொள்குறி வினாக்கள். கெடு நாள் இரவுக்குத் தள்ளாமல் வார இறுதியிலேயே முடித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் தளமும் நம் நெட்டும் சேர்ந்து மக்கர் செய்யும். இறுதித் தேர்வு பக்கத்து மாவட்டத்தில் ஒரு கல்லூரியில், கணினியில். என்னைச் சுற்றி எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். வாசலில் ஒரு பெண் என்னைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து, பை எங்கே வைப்பது என்று கேட்டாள்.

சான்றிதழ் வந்தது. பணிப்பதிவேட்டில் ஏற்ற முடியுமா என்று கேட்டேன். இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஊக்க ஊதியம், பதவி உயர்வு என்று எதையாவது எதிர்பார்த்துச் சேர்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சேர்வது நல்லது.

ஆனால் செய்தி பரவி, அடுத்த பயிற்சியில் குடிமையியல் பகுதிக்கு என்னைக் கருத்தாளராகப் போட்டார்கள். கொடுத்தது ஒரே ஓர் அமர்வு. பவர்பாயிண்ட் எதுவும் கொண்டுபோகாமல் அதே முகவுரைத் தாளை ஆசிரியர்களிடம் கொடுத்து வாக்கெடுப்பு நடத்தினேன். தேநீர் இடைவேளையையும் தாண்டி விவாதம் போனது. முடிந்ததும் மூன்று பேர் தாளின் நகல் கேட்டார்கள். ஒரு மூத்த ஆசிரியர், பிரிவு 32-க்கும் இப்படி ஒன்று தயாரித்துத் தரமுடியுமா என்றார். அதற்கு 1948 டிசம்பர் 9-ஆம் நாள் விவாதத்தை இப்போது தமிழில் சுருக்கிக்கொண்டிருக்கிறேன்.