நான்காவது கேள்வி

வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பேட்டி எடுத்து வரச் சொல்லும் பாடத்தைப் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஓர் ஆசிரியை சொன்ன பதில் மனதை விட்டுப் போகவில்லை.

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு எத்னிக் ஸ்டடீஸ், அதாவது சிறுபான்மை இனங்களின் வரலாறும் பண்பாடும் சொல்லும் பாடம், நடத்தக் கற்றுத்தருவது என் வேலை. இந்தப் பாடத்தையும் படித்தால்தான் பள்ளிப் படிப்பு முடிந்ததாகக் கணக்கு என்று கலிஃபோர்னியா 2021இல் சட்டம் போட்டது. அரசு பணம் ஒதுக்கினால்தான் அது கட்டாயம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. பணம் வரவில்லை. விருப்பமுள்ள பள்ளி மாவட்டங்கள் தாமாகவே நடத்துகின்றன. பிள்ளையின் வீட்டையும் அதன் மொழியையும் நினைவுகளையும் வகுப்புக்குள் கொண்டுவரச் சொல்வதுதான் எங்கள் பயிற்சியின் அடிப்படை. அதற்கு நாங்கள் வைத்திருந்த முக்கியமான கருவி அந்தப் பேட்டித் தாள்.

அதில் நான்காவது கேள்வி: 'எந்த ஊரை விட்டு வந்தீர்கள், ஏன்?' ஓய்வுபெறும் வயதில் இருந்த ஜப்பானிய அமெரிக்க ஆசிரியை ஒருவர் அந்த வரியில் பேனாவை வைத்தபடி நிமிர்ந்தார். "என் பாட்டியிடம் இதைக் கேட்டு வரச் சொல்லி மதிப்பெண்ணும் போட்டிருந்தால், நான் பொய் எழுதியிருப்பேன்" என்றார்.

ஜப்பானோடு போர் நடந்த 1942இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட ஆணையால் ஜப்பானியக் குடும்பங்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டன. ஃபிரெஸ்னோ கண்காட்சி மைதானத்தில் மட்டும் 5,000க்கும் மேற்பட்டவர்களை அடைத்து வைத்தார்கள். அப்புறம் பெரும்பாலானவர்களை ரயிலேற்றி ஆர்கன்சா மாநிலத்து முகாமுக்கு அனுப்பினார்கள். அதே மைதானத்தில் இன்றும் வருடாவருடம் கண்காட்சி நடக்கிறது. அவருடைய பாட்டி ஒருநாளும் அங்கே கால் வைத்ததில்லை. ஏன் என்று பேத்திக்குப் புரிந்தபோது பாட்டி உயிரோடு இல்லை.

"விருப்பமுள்ள பிள்ளைகள் மட்டும் செய்யட்டுமே" என்றேன். "யாருக்கு விருப்பமில்லை என்பது அன்றைக்கே வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடுமே" என்றார்.

அவர் சொன்னது பழைய கதைக்கு மட்டும் பொருந்துவதாக எனக்குப் படவில்லை. திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிற, குடியேற்றக் காகிதம் இல்லாத அப்பா அம்மாக்களின் பிள்ளைகள் இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ பேர். 'எந்த ஊரை விட்டு வந்தீர்கள்' என்பதற்கான பதில் பிள்ளையின் கையெழுத்தில் பள்ளி அலமாரியில் கிடக்கலாமா? அந்தத் தாளை நீக்கிவிட்டு, பொதுப் பதிவுகளைக் கொண்டு பாடத்தை மாற்றி அமைத்தேன். முகாம்கள் பற்றி 1981இல் அரசு ஆணையத்தின் முன் 750க்கும் மேற்பட்டோர் தந்த சாட்சியங்கள் இருக்கின்றன. 1965இல் லாரி இட்லியாங் தலைமையில் டெலானோவில் ஃபிலிப்பினோத் தொழிலாளர்கள் தொடங்கிய திராட்சை வேலைநிறுத்தத்தின் ஆவணங்கள் இருக்கின்றன. போதும் என்று நினைத்தேன்.

அடுத்த அமர்வில், லாவோஸ் மலைவாழ் மக்களான ஹ்மாங் இனத்து ஆசிரியை ஒருவர் கேட்டார்: "சரி, எங்கள் பிள்ளைகளுக்கு எந்தப் பதிவைத் தருவீர்கள்?"

பையிலிருந்து ஒரு துணியை எடுத்து மேசைமேல் விரித்தார். தாய்லாந்து அகதி முகாமில் அவருடைய அம்மா தைத்தது. மேலே பச்சை நூலில் மலை, நடுவில் குறுக்காக நீல மேகாங் நதி, அதில் மூங்கிலைக் கட்டிக்கொண்டு நீந்துகிற சின்னச்சின்ன மனிதர்கள். கரையில் துப்பாக்கியோடு சிப்பாய்கள். லாவோஸில் அமெரிக்கா மறைவாக நடத்திய போரில் அமெரிக்கர் பக்கம் நின்றதால், 1975க்குப் பிறகு ஊரைவிட்டு ஓட வேண்டி வந்த மக்கள் இவர்கள். "இது என் அம்மா" என்று நதியின் நடுவே ஓர் உருவத்தைக் காட்டினார். "கேட்டதால்தான் எனக்குத் தெரியும். உங்கள் 1981 சாட்சியங்களும் யாரோ கேட்டதால் வந்தவைதானே?"

அவர்கள் பெரியவர்கள், தாங்களாக வந்து பேசினார்கள், யாரும் மதிப்பெண் போடவில்லை என்றேன். உண்மையான பதில்தான். "எங்கள் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்து வைத்தார்.

ஆரஞ்சு கவுன்டி கல்வித் துறை அரசுப் பணத்தில் ஹ்மாங் வரலாற்றுக்கு ஒரு மாதிரிப் பாடத்திட்டம் தயாரித்திருக்கிறது. அதிலும் பெரியவர்களின் வாய்மொழிக்குப் பெரிய இடம் உண்டு. அந்த ஆசிரியை சொன்னதுதான்.

என் தாத்தா 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். வழியைப் பற்றிக் கேட்டால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எங்கள் வீட்டில் பழகியிருந்தோம். அந்தப் பழக்கத்தில்தான் இந்த முடிவை எடுத்தேனா? இல்லை, காகிதம் இல்லாத வீடுகளின் பயம் கண்ணெதிரே இருப்பது, என் தாத்தாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. வகுப்பில் ஒரு பிள்ளை கூனிக் குறுகினால் என் காதுக்கு வந்துவிடும். கேட்கப்படாமல் போன கதைக்காக யாரும் வந்து என்னிடம் புகார் சொல்லப்போவதில்லை.

அந்த ஹ்மாங் ஆசிரியை தன் பள்ளியில் வேறு மாதிரி நடத்துகிறார் என்று பிறகு தெரிந்தது. மாலையில் பாட்டிகளைப் பள்ளிக்கே அழைக்கிறார். வருகிறவர்கள் வரலாம், பேசுகிறவர்கள் பேசலாம். எழுத்து வேலையோ மதிப்பெண்ணோ கிடையாது. இதைப் பயிற்சியில் எல்லோருக்கும் சொல்லித்தரலாமா என்று கேட்டேன்.

"பாட்டிகளோடு நான் ஹ்மாங்கில் பேசுகிறேன். அது தெரியாத ஆசிரியர் என்ன செய்வார்?" என்றார்.

என் பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் பிள்ளைகளின் வீட்டுமொழி தெரியாதவர்கள்.