ஆர்மியா நேவியா ஏர்ஃபோர்ஸா, எந்த ட்ரெயினிங் கஷ்டம்?

மூணு ஃபோர்ஸ்லயும் இருந்து ரிட்டயர் ஆனவங்க ஒரு இடத்துல சேந்து உக்காந்தா இந்த சண்டை வராம இருக்காது. ஆர்மிக்காரர் முழங்கை தேய ஊர்ந்த கதைய எடுப்பார், நேவிக்காரர் நடுக்கடல்ல வாந்தி எடுத்துக்கிட்டே வாட்ச் டூட்டி பாத்த கதைய எடுப்பார், ஏர்ஃபோர்ஸ்காரன் வாயத் தொறக்கறதுக்குள்ள ரெண்டு பேரும் கட்சி சேந்துக்கிட்டு "உனக்கென்னப்பா, ராத்திரியானா பெட்ல படுத்து தூங்கினவன்"னு சிரிப்பாங்க. நான் அந்த மூணாவது ஆளு. ஏர்மேனா சேந்து டெக்னிக்கல் ட்ரேட்ல இருந்தவன், பைலட் எல்லாம் இல்ல, அதனால கெத்து காட்ட எனக்கு பெரிய கதையும் கிடையாது.

ஆனா இத்தன வருஷம் இந்த சண்டைய கேட்டு கேட்டு எனக்கு ஒண்ணு தோணுது. போர்னு வந்தா நீ யாரோட சேந்து மாட்டுவ, உன் உசுரு யார் கையில இருக்கு, இது ஒவ்வொரு ஃபோர்ஸ்லயும் வேற வேற. அவங்க ட்ரெயினிங்கும் சரி, வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு கோமாளித்தனமா தெரியற சம்பிரதாயங்களும் சரி, முக்காவாசி அங்க இருந்துதான் வருது.

ஆர்மிய எடுத்துக்கோங்க. இன்ஃபன்ட்ரில ஒரு செக்‌ஷன்னா பத்து பேரு. குண்டு பறக்கும்போது நாட்டுக்காக நிக்கிறேன்னு எல்லாம் எவனும் யோசிக்க மாட்டான், பக்கத்துல படுத்திருக்கவன் பாத்துக்கிட்டு இருக்கானே, நான் எப்படி ஓடுறதுன்னுதான் நிப்பான். அந்த வெக்கத்தையும் பாசத்தையும் கட்டி எழுப்பறதுதான் ரெஜிமென்டல் சென்டரோட மொத்த வேலையும். நீலகிரி வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டருக்கு போற பையன் முதல்ல கத்துக்கறது துப்பாக்கி இல்ல, ரெஜிமென்ட் 1758ல ஆரம்பிச்ச கதை, நம்ம ஆளுங்க எங்கெங்க நின்னாங்க, எந்த பேட்டில் ஹானர் (போர்ல நல்லா சண்டை போட்டதுக்கு ரெஜிமென்டுக்கு குடுக்கற கௌரவம்) எப்படி வந்தது, இதெல்லாம். "வீர மதராஸி, அடி கொல்லு அடி கொல்லு"ன்னு கத்த வெச்சு கத்த வெச்சு அது ரத்தத்துல ஏறிடும். அங்க போஸ்ட் ஆகற ஆபீசர் பஞ்சாபியா இருந்தாலும் பீகாரியா இருந்தாலும் தன்னோட ஜவான்கள் பேசற பாஷைய கத்துக்கணும், அவங்க சாமிதான் இவருக்கும் சாமி, அவங்க கோவில்ல போய் நிக்கணும். படா கானான்னு ஒண்ணு நடக்கும், ஆபீசரும் ஜவானும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறது, சில யூனிட்ல ஆபீசரே பரிமாறுவார். வெளியாள் பாத்தா விருந்துன்னு நினைப்பான். நாளைக்கு "என் பின்னாடி வா"ன்னு அவர் சொன்னா இவன் எந்திரிச்சு போகணும், அதுக்கான அஸ்திவாரம் அது.

அந்த ட்ரில்லும் அப்படித்தான். மஸ்கட்ங்கற பழைய துப்பாக்கி காலத்துல அத லோட் பண்றதுக்கு ஏகப்பட்ட ஸ்டெப், எதிரி நேரா வந்துக்கிட்டு இருக்கும்போது கை நடுங்காம அத்தனையும் வரிசையா செய்யணும், அதுக்குத்தான் 1500கள் கடைசில டச்சு தளபதி மாரிஸ் ஆஃப் நாசாவ் ஒவ்வொரு அசைவையும் தனித்தனி ஆர்டரா பிரிச்சு பழக்கினான். மஸ்கட் போய் எவ்வளவோ காலம் ஆச்சு, ட்ரில் மட்டும் இருக்கு. ஏன்னா சத்தம் கேட்டா உடம்பு தானா வேலை செய்யற பழக்கம் இன்னும் தேவைப்படுது. (இந்த டேராடூன் ராணுவ அகாடமி ஐ.எம்.ஏ.ல பாஸிங் அவுட் பரேட் முடிஞ்சதும் அட்ஜுடன்ட்ங்கற ஆபீசர் குதிரையோட செட்வுட் ஹால் படிக்கட்டுல ஏறிப் போறாரே, சாண்ட்ஹர்ஸ்ட்ல 1926ல தொடங்கினது, அதுக்கு எந்த காரணமும் சொல்ல முடியாது, பாக்க நல்லா இருக்கு, அவ்வளவுதான்.)

நேவி முழுக்க வேற உலகம். கப்பல்ல முன்வரிசை பின்வரிசைன்னு எதுவும் கிடையாது. கேப்டனும் சமையல்காரனும் ஒரே இரும்புப் பெட்டிக்குள்ள இருக்காங்க, ஓட்டை விழுந்தா ரெண்டு பேருக்கும் ஒரே தண்ணி. 1971 டிசம்பர் 9 ராத்திரி ஐ.என்.எஸ். குக்ரிய பாகிஸ்தான் சப்மரீன் அடிச்சப்ப 18 ஆபீசரும் 176 செய்லரும் போனாங்க, கேப்டன் மஹேந்திர நாத் முல்லா கப்பல விட்டு எறங்கல. ஆர்மில ஒரு கம்பெனி பின்வாங்கலாம், கப்பல்ல பின்வாங்கி எங்க போறது?

அதனால அங்க எல்லாருக்கும் ஓட்டை அடைக்கத் தெரியணும், தீ அணைக்கத் தெரியணும், உன் வேலை அக்கவுன்ட்ஸா இருந்தாலும் சரி. இதுக்கு அமெரிக்காக்காரன் குடுத்த விலை ரொம்ப அதிகம். 1967 ஜூலை 29, யு.எஸ்.எஸ். ஃபாரஸ்டல்னு விமானந்தாங்கி கப்பல், வியட்நாம் பக்கம் டோங்கின் வளைகுடால நிக்குது. ஃபிளைட் டெக்ல ஒரு பாண்டம் விமானத்துல இருந்து ராக்கெட் ஒண்ணு தானா கிளம்பி எதிர்ல நின்ன ஸ்கைஹாக் விமானத்தோட ஃப்யூல் டேங்க்ல அடிச்சிருச்சு, தீ பரவி சுமார் ஒண்ணரை நிமிஷத்துல பழைய பாம் ஒண்ணு வெடிச்சுது. அந்த முதல் வெடிப்புலயே தீயணைக்க முறையா ட்ரெயினிங் எடுத்தவங்கள்ல பெரும்பாலானவங்க போயிட்டாங்க. மிச்சம் இருந்த பசங்க தைரியத்துக்கு குறைச்சல் இல்ல, ஹோஸ எடுத்துக்கிட்டு ஓடி வந்தாங்க, ஆனா ஒரு குரூப் ஃபோம் அடிக்க இன்னொரு குரூப் பச்சத்தண்ணி அடிச்சு அந்த ஃபோம கழுவி விட்டுடுச்சு, யாரும் யாருக்கும் சொல்லித் தரலையே. 134 பேர் செத்தாங்க. தீயணைக்கிறத ஒரு டீமோட வேலைன்னு ஒதுக்கி வெக்கக்கூடாது, கப்பல்ல ஏறுற ஒவ்வொருத்தனுக்கும் தெரிஞ்சிருக்கணும்னு அமெரிக்க நேவி அழுத்தி பிடிச்சது அதுக்கப்புறம்தான். இன்னைக்கு அவங்க கிரேட் லேக்ஸ் ட்ரெயினிங் சென்டர்ல கடைசி பரீட்சை என்னன்னா, கட்டடத்துக்குள்ள தண்ணில நிக்கிற மாதிரி ஒரு மாடல் கப்பல், யு.எஸ்.எஸ். ட்ரேயர்னு பேரு, 210 அடி நீளம், அதுல ஒரு ராத்திரி முழுக்க 12 மணி நேரம் தீ, வெள்ளம், அடிபட்ட ஆளத் தூக்கறதுன்னு 17 விதமா போட்டு எடுப்பாங்க, காலைல தலைல இருக்க 'ரெக்ரூட்' தொப்பிய கழட்டிட்டு 'நேவி' தொப்பி போட விடுவாங்க. இதே அமெரிக்காவோட மரீன்ஸ் என்ன பண்றாங்க? க்ரூசிபிள்னு 54 மணி நேரம், கொஞ்சூண்டு சாப்பாடு, கொஞ்சூண்டு தூக்கம், மூட்டைய தூக்கிக்கிட்டு நட நடன்னு நடை, டீமா சேந்து தடைகளைத் தாண்டறது. ஒரே நாடு, மரீன்ஸ் நேவி டிபார்ட்மென்ட்டுக்கு கீழதான் வராங்க, ஆனாலும் பரீட்சை இப்படி வேற வேற.

நம்ம நேவிலயும் டேமேஜ் கன்ட்ரோல் சிமுலேட்டர் இருக்கு. ஃப்ரெண்டு ஒருத்தன் சொல்லி கேட்டிருக்கேன். ஒரு இரும்பு ரூம்குள்ள விட்டு கதவ சாத்துவாங்க, ரூம் ஒரு பக்கமா சாயும், சுவத்துல இருக்க ஓட்டைல இருந்து தண்ணி பீச்சி அடிக்கும், லைட்ட அணைச்சிருவாங்க. கையில மர ஆப்பு, சுத்தியல், கட்டை. தண்ணி மூஞ்சில அடிக்க அடிக்க அந்த ஓட்டைல ஆப்ப வெச்சு அடிக்கணும், ஒருத்தன் முதுக வெச்சு அழுத்திக்கணும், இன்னொருத்தன் அடிக்கணும், குறி தப்பினா இவன் விரல். "மச்சான், அன்னைக்கு என் கூட உள்ள நின்னவன் பேரு இன்னைக்கும் ஞாபகம் இருக்கு, அந்த கோர்ஸ்ல படிச்ச தியரி ஒண்ணுமே ஞாபகம் இல்ல"ம்பான். சப்மரீன்ல இது இன்னும் முத்திப்போன கேஸ், சப்மரீன்காரன்னு காட்டற டால்ஃபின் பேட்ஜ் குத்திக்கணும்னா சமையல்காரனா இருந்தாலும் எந்த வால்வ் எங்க இருக்கு, எந்த பைப் எங்க போகுதுன்னு கேட்டா சொல்லத் தெரியணும்.

கப்பல் வாழ்க்கை கரைக்கு வந்தாலும் விடாது. ஒடிசா சில்கால செய்லர்களுக்கு ட்ரெயினிங் குடுக்கற இடம் தரையிலதான் இருக்கு, ஆனா பேரு கப்பல் மாதிரி ஐ.என்.எஸ். சில்கா, தரைக்கு பேரு டெக், லீவுல கேட்ட விட்டு வெளிய போனா லிபர்ட்டி. வாட்ச் நாலு நாலு மணி நேரம், ஆனா சாயங்காலம் 4ல இருந்து 8 வரைக்கும் மட்டும் ரெண்டா உடைச்சு ரெண்டு ரெண்டு மணி நேரமா வெச்சிருக்காங்க, டாக் வாட்ச்னு பேரு. அப்படி உடைச்சாதான் ஒரு நாளைக்கு வாட்ச் ஒத்தப்படைல வரும், ஒரே ஆளு தினமும் நடுராத்திரி வாட்ச்ல மாட்டாம சுத்தி வரும். பாய்மரக் கப்பல் காலத்துல யாரோ யோசிச்சது, எனக்கு ரொம்ப பிடிச்ச ஏற்பாடு இது.

இப்ப எங்க கதை. ஏர்ஃபோர்ஸ்ல ஒரு வினோதம் இருக்கு, பெரும்பாலும் ஆபீசர்தான் சண்டைக்கு போவார், நாங்க அனுப்பி வெச்சிட்டு தரையில நிப்போம். ஆர்மிக்காரங்க கிண்டல் பண்றது இதுக்குத்தான், தப்பும் இல்ல. ஆனா இதோட அடுத்த பக்கத்த பாருங்க, மேல போறவர் உசுரு நான் டைட் பண்ண ஒரு நட்டுல இருக்கு. அதனால எங்க ட்ரெயினிங் முட்டிய தேய்க்கல, சந்தேகப்படக் கத்துக்குடுத்துச்சு. பெல்காம்ல பேசிக் ட்ரெயினிங்ல ட்ரில், பி.டி., ரகடா (தப்பு பண்ணினா குடுக்கற தண்டனை) எல்லாம் உண்டுதான், அடி பின்னிட்டாங்க, ஆனா உண்மையான ட்ரெயினிங் அதுக்கப்புறம் ட்ரேட் ட்ரெயினிங்ல, அதுக்கும் அப்புறம் விமானம் நிறுத்தி வேலை பாக்கற ஹேங்கர்ல.

டூல் போர்டுன்னு ஒண்ணு இருக்கும், ஒவ்வொரு ஸ்பானருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் அதோட உருவத்தையே நிழல் மாதிரி வரைஞ்சு வெச்சிருப்பாங்க, எது இல்லையோ அந்த இடம் பல்லு போன வாய் மாதிரி பளிச்சுன்னு தெரியும். ஒரு நாள் நைட் ஷிஃப்ட் முடியற நேரம், ஒரு சின்ன ஸ்பானர் இடம் காலி. காலைல அந்த விமானம் பறக்கணும். வாரண்ட் ஆபீசர் திட்டல, சத்தமே போடல, "பேனல தொற"ன்னாரு. மூடின பேனல் அத்தனையும் திரும்ப தொறந்தோம், டார்ச்சும் கண்ணாடியும் வெச்சு இஞ்சின் பே முழுக்க தேடினோம், ஓவரால் பாக்கெட்ட எல்லாம் கவுத்துக் கொட்டினோம். விடியற நேரத்துல ட்ராலியோட ட்ராயர கழட்டினா அதுக்கு பின்னாடி விழுந்து கிடக்கு. அது கிடைக்கற வரைக்கும் ஸ்டேஷன்ல எவ்வளவு பெரிய ஆபீசர் வந்து நின்னாலும் அந்த விமானம் நகந்திருக்காது. ஃபார்ம் 700னு ஒரு புக் இருக்கு, வேலை செஞ்சவன் கையெழுத்து, அத சரிபாத்தவர் கையெழுத்து, கடைசில பைலட் அத படிச்சு பாத்து கையெழுத்து போட்டுட்டுதான் ஏறுவார். கீழ் ரேங்க்ல இருக்க ஒரு கார்போரல் "இது சரியில்ல சார்"னு சொன்னா அத தட்டிவிட்டுட்டு போற பைலட்ட நான் பாத்ததில்ல. ஆர்மில ஆர்டர் மேல இருந்து கீழ வரும், எங்ககிட்ட கையெழுத்து கீழ இருந்து மேல போகும்.

செக்லிஸ்ட் கூட இப்படி ரத்தத்துல பொறந்ததுதான். 1935 அக்டோபர் 30, அமெரிக்கால போயிங் மாடல் 299 டெஸ்ட் ஃபிளைட், ஓட்டினது சாதாரண ஆளு இல்ல, ஆர்மியோட அனுபவசாலி டெஸ்ட் பைலட். நிறுத்தி வெச்சிருக்கும்போது விமானத்த திருப்பற பாகங்க காத்துல ஆடாம இருக்க போடற லாக்க எடுக்க மறந்துட்டாங்க, ஏறினதும் விழுந்துருச்சு. மனுஷன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் மறப்பான், அதனால எழுதி வெச்சு படிச்சு டிக் பண்ணுன்னு அன்னைல இருந்து வந்தது.

சல்யூட்ட பத்தி சொல்லணும். ஆர்மி உள்ளங்கைய முன்னாடி காட்டும், நேவி உள்ளங்கைய கீழ பாத்து மறைக்கும், கயிறும் தாரும் பிடிச்சு கருத்த கைய ஆபீசருக்கு காட்டக்கூடாதுன்னு வந்ததா ஒரு கதை சொல்வாங்க. நாங்க ரொம்ப காலம் ஆர்மி மாதிரிதான் அடிச்சோம், 2006 மார்ச்ல மாத்தினாங்க, கை 45 டிகிரில, ரெண்டுக்கும் நடுவுல. கை போற தூரம் குறையும்னு காரணம் சொன்னாங்க. பழகின கை கேக்குமா? கொஞ்ச நாளைக்கு பாதி ஸ்டேஷன் பழசும் புதுசும் கலந்து ஒரு தினுசா அடிச்சுது. தாடி விஷயம் இன்னும் கூத்து. நம்ம நேவில பர்மிஷன் வாங்கி தாடி வெக்கலாம், மத்த ரெண்டுலயும் சீக்கியர் மாதிரி மதக் காரணம் இருக்கவங்களுக்குத்தான். பிரிட்டிஷ் ஆர்மில 1916 வரைக்கும் மீசைய எடுக்கவே கூடாதுன்னு ரூல், அதே நாட்டு நேவில வெறும் மீசை வெக்கக்கூடாது, வெச்சா தாடியோட முழுசா வெக்கணும்.

இவ்வளவு வேறயா இருக்கவங்கள ஒண்ணா சேக்கத்தான் கடக்வாஸ்லால ஆபீசர் ஆகப்போறவங்களுக்கான அகாடமி என்.டி.ஏ., மூணு ஃபோர்ஸ் கேடட்டும் மூணு வருஷம் ஒரே ஸ்குவாட்ரன்ல, அப்புறம்தான் டேராடூன், எழிமலா, துண்டிகல்னு பிரியறாங்க. அந்த ஏற்பாடு அருமை, பின்னாடி போர்ல போன் எடுத்து "டேய் நாந்தான்டா"ன்னு பேச முடியுது. ஆனா அது ஆபீசருக்கு மட்டும். ஜவானும் செய்லரும் ஏர்மேனும் அவங்கவங்க கிணத்துலயே இருந்துட்டு ரிட்டயர் ஆகறோம், தியேட்டர் கமாண்ட், அதாவது மூணு ஃபோர்ஸும் ஒரே தலைமைக்கு கீழ, வரப்போகுதுன்னு பேசறாங்களே, அப்ப ஒரே இடத்துல வேலை செய்யப்போறது நாங்க மாதிரி ஆளுங்கதான. எங்க டூல் போர்ட நேவி பையன் வந்து பாக்கணும், அவன் தண்ணி ரூம்குள்ள எங்க பையன் ஒரு தடவையாவது நிக்கணும். சம்பிரதாயத்த மட்டும் ஒண்ணாக்க வேண்டாம், அடி கொல்லுன்னு கத்திக்கிட்டே ஃபார்ம் 700ல கையெழுத்து போட முடியாது.

அக்கா பையன் அக்னிவீருக்கு அப்ளை பண்ண போறான், போன வாரம் போன்ல "மாமா, எனக்கு நல்லா நீச்சல் தெரியும், அதனால நேவி போறேன்"னான். நீச்சல் இருக்கட்டும்டா, அந்த இரும்பு ரூம்ல லைட் அணைஞ்சா உனக்கு எப்படி இருக்கும்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "ஏர்ஃபோர்ஸ்ல மேத்ஸ் எவ்வளவு மாமா வரும்"ங்கறான்.