ஃபேனை நிறுத்திவிட்டு 8,000 சுற்று

நானே சுற்றிய பிக்கப், அதாவது ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் காயில், நேற்று ராத்திரி எலெக்ட்ரிக் கிதாரில் ஏறிவிட்டது, சத்தமும் வருகிறது. இதற்கு முன்னால் சுற்றிய இரண்டும், பாதியில் அறுந்துபோன இன்னொன்றும் எங்கே சொதப்பின என்பது மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

கிதார் ஒரு பழைய ஸ்ட்ராட் நகல், ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடலைப் பார்த்துச் செய்தது. அதோடு வந்த பிக்கப்பைக் கழற்றிப் பார்த்தால் ஆறு எஃகு ஆணி, அடியில் ஒரு ஃபெரைட் காந்தப் பட்டை, சுற்றிலும் ஒயர், அவ்வளவுதான். காந்தம் மேலே இருக்கும் எஃகு ஸ்ட்ரிங்கையும் கொஞ்சம் காந்தமாக்கிவிடுகிறது, அது அதிரும்போது காயிலுக்குள் காந்தப்புலம் கூடிக் குறைகிறது, ஒயரில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த விஷயம். பிளஸ் டூவில் வரி மாறாமல் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஒயரைச் சுற்றும் சட்டமான பாபின் செய்வது சுலபமாகவே முடிந்தது. ஹைலம் ஷீட்டில் இரண்டு துண்டு, ஆறு ஓட்டை. முதல் ஸ்ட்ரிங் காந்தத்திலிருந்து ஆறாவது வரை 52 மில்லிமீட்டர், பழைய பிக்கப்பில் வெர்னியர் வைத்து எடுத்த அளவு.

ஒயருக்குத்தான் அலைச்சல். ஐம்பதுகளின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் காயில் சுமார் 8,000 சுற்று, ஒயரின் பருமன் அமெரிக்க கேஜ் நம்பரில் 42. நம் ஊர் கடைகளில் பேசுவது எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் கேஜ் கணக்கு, அதில் பக்கத்தில் வருவது 46. பாரிமுனையில் நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் 46 நம்பர் எனாமல் ஒயர் கால் கிலோ கேட்டபோது கடைக்காரர் ஸ்பூலை எடுக்காமல் என்னையே பார்த்தார்.

"தம்பி, இதுல மோட்டார் கட்ட முடியாதே."

"மோட்டார் இல்லண்ணே, கிதாருக்கு."

"கிதாருக்குள்ள ஏதுப்பா காயிலு?"

போனில் படம் காட்டிய பிறகுதான் எடை போட்டார். ஒரு காயிலுக்குக் கிட்டத்தட்ட 28 கிராம் போகும், நீளம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

முதல் காயிலை காந்தத்தால் கெடுத்தேன். ரிச்சி தெருவில் நியோடிமியம் பொத்தான் காந்தம் சல்லிசாகக் கிடைத்தது, ஆணிகளுக்கு அடியில் ஒட்டிவிட்டேன். சத்தம் நிறையவே வந்தது. ஆனால் தடித்த ஸ்ட்ரிங்கில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே போனால் ஒரே சுரம் இரண்டாகப் பிரிந்து உவ்வ் உவ்வ் என்று ஆடியது. ஸ்ட்ரிங்கைக் காந்தம் பிடித்து இழுக்கிறது. பிக்கப்பைத் தாழ்த்தினால் ஆட்டம் குறைந்தது, கூடவே சத்தமும் போனது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அல்னிகோ 5 கம்பிகளை ஆன்லைனில் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த பழைய ரகக் காந்தம். பலம் குறைவு, இங்கே அதுதான் வசதி.

சுற்றுவதற்கு ஒரு தையல் மெஷின் மோட்டார். பெடலைக் காலால் அமுக்கினால் வேகம் கைக்கு அடங்கும். எண்ணுவதற்கு ஒரு பழைய கால்குலேட்டரின் சமன் பட்டனில், காந்தம் பக்கத்தில் வந்தால் மூடிக்கொள்ளும் ரீட் ஸ்விட்ச் இணைத்து, சுழலும் தட்டில் சின்னக் காந்தம் ஒட்டினேன்: ஒன்றைக் கூட்டச் சொல்லி விட்டுவிட்டால் சுற்றுக்கு ஒன்று ஏற வேண்டும். மெதுவாகப் போகும்வரை ஏறியது. பெடலை அழுத்தினால் கால்குலேட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை, பாதிக்குப் பாதி விட்டுவிட்டது.

இதெல்லாம் கத்தரி வெயிலில், பெரம்பூர் வீட்டு மொட்டை மாடி அறையில். ஃபேன் போடக்கூடாது, ஒயர் தலைமுடியைவிட மெல்லிசு, காற்றில் அலைந்தால் எங்கேயாவது மாட்டிப் பட்டென்று போகும். ஃபெல்ட் துணியை மடித்து அதற்குள் ஒயரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக்கொள்வேன். பாபின் நீள்வட்டம் என்பதால் இழுப்பு சீராக இருக்காது, ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு தடவை சுண்டி இழுக்கும், அந்தத் துடிப்பு விரலுக்குத் தெரியும். கொஞ்சம் தளர்ந்தால் காயில் ஊதிக்கொள்கிறது, இறுக்கினால் அறுகிறது. வியர்வைத் துளி ஒன்று மூக்கு நுனியில் நிற்கிறது, இரண்டு கையும் வேலையில் இருக்கிறது, துடைக்க வழியில்லை. அப்படி ஒரு தடவை தோளில் முகத்தைத் தேய்க்கப் போய்த்தான் பாதிக் காயிலை அறுத்தேன்.

எண்ணிக்கை நம்பிக்கையில்லாததால் அடுத்ததை மின்தடை அளக்கும் மீட்டர் வைத்து முடித்தேன். அதுதான் பெரிய முட்டாள்தனம். பழைய ஸ்ட்ராட் பிக்கப் என்றாலே எல்லோரும் சொல்வது சுமார் 6 கிலோ ஓம் மின்தடை. மீட்டர் 5.9 காட்டியதும் நிறுத்திவிட்டேன். கிதாரில் மாட்டி வாசித்தால் சத்தம் சன்னமாக, தகரத்தைத் தட்டினாற்போல இருந்தது. காந்தத்தைச் சந்தேகப்பட்டேன், வயரிங்கை இரண்டு தடவை பிரித்துக் கட்டினேன், ஒன்றும் மாறவில்லை.

கடைசியில் கால்குலேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையும் காந்தத்தை உணரும் ஹால் சென்சரும் வைத்து, அந்தக் காயிலை அப்படியே பிரித்து எண்ணினேன். 7,180. எட்டாயிரத்துக்கு 820 குறைவு! ஒலியின் கனத்தைத் தீர்மானிக்கும் இண்டக்டன்ஸ் (காயிலின் தூண்டல் அளவு) சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும், அதனால் அதில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. பிறகு ஏன் ஓம் மட்டும் சரியாக வந்தது? இரண்டு காரணம். நம் 46 நம்பர் 0.061 மில்லிமீட்டர், அமெரிக்க 42 நம்பர் 0.0635. இந்தத் துளி வித்தியாசமே அதே நீளத்துக்கு 8 சதவீதம் அதிக ஓம். அதோடு செம்பின் மின்தடை சூட்டில் ஏறும், டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம், ஃபேன் இல்லாத அறையில் 36 டிகிரி, வெளிநாட்டுக்காரன் அளப்பது 20 டிகிரியில் என்றால் அங்கே இன்னொரு 6 சதவீதம். பிக்கப் விற்கிறவர்கள் ஓமைப் பெரிய எழுத்தில் போடுவதைப் பார்த்தால் இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. அது ஒயரின் நீளத்தையும் பருமனையும் சூட்டையும் ஒன்றாகக் குழைத்த எண்.

மூன்றாவதை எண்ணியே சுற்றினேன், சரியாக 8,000. மீட்டர் 6.7 காட்டியது, கண்டுகொள்ளவில்லை. சுற்றியதும் மாட்டிப் பார்த்தால் ஒலி அழகாக இருந்தது, ஆனால் ஆம்ப்ளிஃபயர் சத்தத்தை ஏற்றினால் கிறீச்சிட்டது, நகத்தால் பிக்கப்பைத் தட்டினால் ஆம்பில் கேட்டது. தளர்ந்த சுற்றுகள் தனியாக அதிர்கின்றன. பாரஃபின் மெழுகை 65 டிகிரிக்கு உருக்கி, குமிழி நிற்கும்வரை இருபது நிமிடம் முக்கி வைத்தேன். மெழுகை நேராக அடுப்பில் வைக்கக்கூடாது, தீப்பிடிக்கும், வெந்நீருக்குள் பாத்திரம். அந்தப் பாத்திரம் அம்மாவின் பால் காய்ச்சும் பாத்திரம் என்பது மறுநாள் காலை தெரிந்தது. வேறு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

மீதி இருப்பது இரைச்சல். ஒற்றைக் காயில் என்றால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை வாங்கத்தான் செய்யும், எங்கள் ஃபேன் ரெகுலேட்டர் வேறு அதன்மேல் ஒரு கரகரப்பைச் சேர்க்கிறது. ஹம்பக்கர் என்ற இரட்டைக் காயில் பிக்கப்பில் செய்வதுபோல நடு பிக்கப்பை எதிர்த் திசையில் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைத்தால், இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது ஸ்ட்ரிங் சத்தம் கூடும், இரைச்சல் அடித்துக்கொண்டு போகும். ஒன்றை மட்டும் திருப்பினால் ஸ்ட்ரிங் சத்தமே அடித்துக்கொண்டு போகும், அதனால் காந்தங்களின் வடக்கு முனையில் சிவப்பு மார்க்கர் வைத்தாயிற்று. ஸ்பூலில் பாதிக்கு மேல் ஒயர் இருக்கிறது. ஐப்பசி மழை ஆரம்பித்த பிறகுதான் சுற்றப் போகிறேன்.