வணிக விமானி உரிமத் தேர்வு: கணக்குக்குக் கீழே ஒரு மலையை வரையுங்கள்

இந்தியாவின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் வணிக விமானி உரிமத் தேர்வில் தேர்ச்சி பெற 70 சதவீதம் வேண்டும். வழிசெலுத்தல் தாளில் முதல் தடவை நான் அதைத் தொடவில்லை. கேள்வி வங்கியை உருப்போட்டுப் போயிருந்தேன். காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் அல்டிமீட்டர் பற்றிய கணக்கு வந்ததும் கூட்டுவதா கழிப்பதா என்று குழம்பிவிட்டேன்.

அடுத்த தடவை ஒவ்வொரு கணக்குக்குக் கீழேயும் ஒரு மலையை வரைந்தேன். அல்டிமீட்டர் 5,000 அடி காட்டுகிறது. போகப் போக காற்றழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) குறைந்துவிட்டது, நாம் கியூஎன்ஹெச்சை, அதாவது கருவியில் வைக்கும் கடல்மட்ட அழுத்த அளவை, மாற்றவில்லை. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 30 அடி, ஆக 300 அடி போச்சு. வெளியே தர வளிமண்டலத்தைவிட, அதாவது அந்த உயரத்துக்கு இயல்பாக வைத்துக்கொள்ளும் வெப்பநிலையைவிட, 20 டிகிரி குளிர். 10 டிகிரிக்கு உயரத்தில் 4 சதவீதம் என்றால் இன்னும் 400 அடி. முள் 5,000-த்தில் நிற்கிறது, நாம் பறப்பதோ ஏறக்குறைய 4,300-ல். எதிரே 4,500 அடிக்கு ஒரு மலை வரையுங்கள். அப்புறம் கழித்தல் மறக்கவே மறக்காது.

இன்ஜின் ஓடும், விமானம் விமானியின் கட்டுப்பாட்டில்தான் இருக்கும், ஆனாலும் போய் மலையில் மோதும். 'சிஃபிட்' என்பது இதுதான். இதற்கு வரையறையை மனப்பாடம் செய்வதைவிட விபத்து அறிக்கை படிப்பதே மேல். 2022 மே 29 அன்று நேபாளத்தில் போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்குப் போன தாரா ஏர் நிறுவனத்தின் ட்வின் ஓட்டர் என்ற சிறிய விமானம் மலையில் மோதி, அதில் இருந்த 22 பேரும் இறந்தார்கள். மேகத்துக்குள் போன பிறகு பாதையைச் சரியாகக் கண்காணிக்கவில்லை, தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியையும் அடக்கி வைத்திருந்தார்கள் என்றது விசாரணை. இதே தடத்தில் 2016-லும் இதே நிறுவனத்தின் ட்வின் ஓட்டர் ஒன்று மோதி 23 பேர் இறந்திருந்தார்கள். அதைப் படித்தபோது மனசு கனத்துப்போனது.

அந்த 2022 விபத்து ஒன்றை வைத்தே மூன்று தாள்களையும் படிக்கலாம். பள்ளத்தாக்கில் மேகம் எப்படி அடைக்கிறது என்பது வானிலை. கண்பார்வையை நம்பிப் பறக்க எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்பது விதிமுறை. தடைக்கு மேல் 1,000 அடி, மலைப்பகுதியில் 2,000 அடி இடைவெளி என்பது வழிசெலுத்தல்.

பயிற்சிப் பறத்தலுக்குப் போகும்போதும் இந்தப் படிப்பு கூடவே வரும். கிளம்பும் முன் வரைபடத்தில் 'மேகம் இறங்கினால் இங்கேயே திரும்பு' என்று சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். மலை முகட்டை நேராக நெருங்காமல் 45 டிகிரி சாய்வில் நெருங்குங்கள். அந்தக் கோணத்தில் போனால் கொஞ்சம் திரும்பினாலே பள்ளத்தாக்குப் பக்கம் விலகிவிடலாம்.