கண்களை மூடச் சொல்வதில்லை

தென்னாப்பிரிக்காவில் 2021 ஜூலையில் நடந்த கலவரத்தில் குவாசுலு-நடால், கௌட்டெங் மாகாணங்களில் 350-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். டர்பனுக்கு வடக்கே எங்கள் ஃபீனிக்ஸில், இந்திய வம்சாவளியினருக்கும் கறுப்பின மக்களுக்கும் இடையே அன்று ஏற்பட்ட புண் இன்னும் ஆறவில்லை. கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் யோக வகுப்புக்கு வரும் பெண்கள் சிலர், இரவில் கதவு தட்டப்பட்டாலே நடுங்குகிறார்கள். அவர்களைக் கண்களை மூடச் சொல்வதில்லை. கேட்காமல் தொட்டுத் திருத்துவதும் இல்லை, ஏனெனில் அச்சத்தில் உறைந்த உடலுக்கு இருளும் எதிர்பாராத தொடுகையும் பழைய ஆபத்தையே நினைவூட்டக்கூடும். உள்மூச்சைவிட வெளிமூச்சை நீட்டும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிவதால், அதையே முதலில் பழக்குகிறேன். மனநல மருத்துவத்துக்கு இது மாற்றன்று என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து இனாண்டாவிலிருந்து ஸூலு மொழி பேசும் அக்கா ஒருவர் சென்ற மாதம் முதன்முறையாக வந்து, கதவருகே பாயை விரித்துக்கொண்டார். அங்கேயே இருங்கள் என்றேன்.