அக்காவிடம் வாங்கிய 8 லட்சம்

2022இல் வீடு வாங்கும்போது வங்கிக் கடனும் கையிருப்பும் போக 8 லட்சம் துண்டு விழுந்தது. அக்காதான் கொடுத்தாள். டெபாசிட்டை முடித்து 7 லட்சம், தையல் கடை வரவில் சேர்த்து வைத்திருந்த 1 லட்சம். அந்த 1 லட்சத்தை அன்றைக்கே துணிப்பையில் போட்டு நீட்டினாள். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று வாங்காமல் வந்தேன். நல்லவேளை.

20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது, கூடப்பிறந்தவளிடம் என்றாலும் அப்படித்தான் என்றார் ஆடிட்டர். அப்போதிருந்த 1961 வருமான வரிச் சட்டத்தில் 269எஸ்எஸ் பிரிவு. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம். 19,000, 19,000ஆகப் பிரித்து வாங்கலாமா என்றும் கேட்டேன். பழைய பாக்கியையும் சேர்த்துத்தான் பார்ப்பார்களாம். அதனால் அக்கா ரொக்கத்தைத் தன் கணக்கில் கட்டி, 8 லட்சத்தையும் ஆர்டிஜிஎஸ் என்ற வங்கிப் பரிமாற்றத்தில் அனுப்பினாள்.

பணம் வந்த பிறகுதான் எனக்குச் சங்கடமான வேலை. அன்பளிப்பு என்று எழுதிவிடு, அக்கா கொடுத்தால் வரி கிடையாது என்றார்கள் சிலர். வரி இல்லைதான். ஆனால் நான் வாங்கியது கடன். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அக்கா கையில் என்ன இருக்கும்? இந்தக் கேள்வி பல நாள் தூங்கவிடவில்லை. கடைசியில் புரோநோட்டு, அதாவது கடனைத் திருப்பித் தருவதாக உறுதி சொல்லும் சீட்டு, எழுதினேன். தொகை, 6 சதவீத வட்டி, தேதி, கேட்டபோது தருவேன் என்ற வாசகம், கீழே ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு, அதன் குறுக்கே என் கையெழுத்து. "நமக்குள்ள இதெல்லாம் எதுக்குடா" என்றவள், இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுப் பாஸ்புக்குக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கடன் வட்டிக் கழிவு, அதாவது கட்டிய வட்டியை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்வது, வங்கிக் கடனுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். வீடு வாங்குவதற்காக உறவினரிடம் வாங்கிய கடனுக்கும் உண்டு. நாமே குடியிருக்கும் வீடென்றால் பழைய வரி முறையில் மொத்தம் 2 லட்சம் வரை. எனக்கு வங்கி வட்டி 1,40,000 சொச்சம், அக்காவுக்கு ஆண்டு வட்டி 48,000, இரண்டும் அதற்குள் அடங்கிவிட்டன. வரிக் கழிவு கேட்டு அப்போது அலுவலகத்தில் கொடுத்த 12பிபி படிவத்தில் அக்காவின் பெயர், முகவரி, பான் எண் எழுத வேண்டியிருந்தது. கூடவே, இந்த ஆண்டு இவ்வளவு வட்டி என்று அவள் வெள்ளைத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்த சான்று. அசலைத் திருப்பிக் கட்டுவதற்கு மட்டும் அதே 1961 சட்டத்தின் 80சி பிரிவில் கழிவு கிடையாது; அது வங்கி போன்ற நிறுவனங்களிடம் வாங்கிய கடனுக்குத்தான்.

எனக்குக் கழிவு என்றால் அக்காவுக்கு அது வருமானம். "இதர வருமானம்" என்ற தலைப்பில் அவள் காட்டியே ஆக வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டது என் தப்பு. முதல் ஆண்டு ரிட்டர்ன் போடும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த வரியையும் நானே தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள்.

திருப்பிக் கொடுப்பதிலும் ரொக்கம் கூடாது. பாக்கியே 20,000க்கு மேல் நிற்கும்போது 5,000 ரூபாயைக்கூடக் கையில் கொடுக்கக் கூடாது என்றது அதே 1961 சட்டத்தின் 269டி பிரிவு. தீபாவளிக்குப் போனபோது வட்டியைக் கையோடு கொடுத்துவிடலாம் என்று எடுத்த பணத்தைத் திரும்பப் பையில் வைத்துவிட்டு, அங்கே உட்கார்ந்தே ஃபோனில் அனுப்பினேன். (2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. தேடும்போது கவனியுங்கள்.)

அப்புறம், கடனைக் கேட்டு வழக்குப் போடுவதற்கான காலவரம்பு. இந்த மாதிரிப் புரோநோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டு. அது முடிவதற்குள் ஒரு பகுதியைக் கட்டி, கட்டியதை நானே எழுதிக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு ஓடும். அக்காவுக்கு இது தெரியாது, கேட்கவும் மாட்டாள். 2025 மே மாதம் 2 லட்சம் அனுப்பிவிட்டு நேரில் போய், பாஸ்புக்கிலிருந்து அந்தத் தாளை எடுக்கச் சொல்லி, பின்பக்கம் தொகையும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இன்னும் 6 லட்சம் பாக்கி.