முன்சக்கரம் இறங்கிய தடம்

போன மாசம் சேலத்தில் ஒரு சிக்னலில் நின்று கிளம்பும்போது, முன்சக்கரம் பஸ் டயர் அழுத்திய தடத்துக்குள் இறங்கி ஓரத்தில் மாட்டிக்கொள்ள, வண்டியோடு சாய்ந்துவிட்டோம். அடி ஒன்றும் இல்லை. ஆனால் பின்னால் இருந்த அம்மா புடவையைத் தட்டிக்கொண்டே, "ஏன் கண்ணு, நீ தார் ரோடு டெஸ்ட் பண்ற வேலைதானே பார்க்கிற, இதெல்லாம் முன்னாடியே தெரியாதா?" என்று கேட்டார்.

தெரியும்மா.

நம் பக்கம் தார்க் கலவை என்றாலே மார்ஷல் டெஸ்ட்தான். அச்சில் கலவையைக் கொட்டி இரண்டு பக்கமும் 75 அடி அடித்து, 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, அழுத்தி உடைத்து எவ்வளவு தாங்கியது என்று எழுதுவோம். வேண்டிய டெஸ்ட்தான், ஆனால் அது ஒரே ஒரு அழுத்து. ரோட்டில் லாரி ஒரு தடவை மட்டும் போவதில்லையே.

அதற்குத்தான் ஹாம்பர்க் மெஷின். 47 மில்லிமீட்டர் அகல இரும்புச் சக்கரம், சுமார் 72 கிலோ பாரத்தோடு, 50 டிகிரி தண்ணீருக்குள் கிடக்கும் கலவை மாதிரியின் மேல் நிமிஷத்துக்கு 52 தடவை வீதம் 20,000 தடவை ஓடும். பள்ளம் 12.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் தோல்விதான். மார்ஷலில் நன்றாகத் தேறிய ஒரு கலவை இதில் பாதி ஓட்டம்கூடத் தாங்காததைப் பார்த்திருக்கிறேன். பள்ளத்தின் ஆழத்தைக் காட்டும் வரைபடத்தில் முதலில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்த கோடு திடீரென்று சரிந்தது, தண்ணீர் கலங்கிக் கறுத்தது. எடுத்துப் பார்த்தால் தடத்தின் இரு கரையிலும் கலவை வரப்பு மாதிரி பிதுங்கி நிற்கிறது, நடுவில் தார் உரிந்த ஜல்லி மொட்டையாக, விரலால் நெம்பினால் கையோடு வருகிறது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. தார் கொஞ்சம் தாராளமாகிவிட்டால், கலவைக்குள் காற்று இடைவெளி 3 சதவீதத்துக்குக் கீழே போனால், உருண்டை மணல் சேர்ந்தால் ஜல்லியை ஜல்லி பிடித்து நிற்காது, வழுக்கும். சித்திரை வெயிலில் நம் ரோட்டின் மேல்பரப்பு 60 டிகிரிக்குப் போகும், அப்போது தார் இளகிக் கிடக்கும். அதிலும் வேகமாகப் போகிற வண்டியைவிட நின்று நகர்கிற வண்டிதான் அதிகம் கெடுக்கும், பாரம் ஒரே இடத்தில் கூடுதல் நேரம் உட்கார்ந்திருப்பதால். அதனால்தான் சிக்னல், பஸ் நிறுத்தம், ஏற்காடு மலை ரோட்டில் பஸ் முதல் கியரில் முக்கி ஏறுகிற வளைவுகள் என்று இந்த இடங்களில் தடம் அதிகம் விழுகிறது.

இந்த மாதிரி இடங்களுக்காவது விஜி-30 ரகத் தாருக்குப் பதிலாக, வெயிலில் அதைவிடக் குறைவாக இளகும் விஜி-40 ரகம் போடலாமா என்று பாருங்கள், கலவையை லாரியில் ஏற்றும் முன்பே சக்கரத்தை ஓட்டிப் பாருங்கள். முழு ஓட்டத்துக்கும் ஆறரை மணி நேரம் போதும். ரோடு வேலை பார்க்கிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், மாதிரி எடுத்து வாருங்கள், நானே கூட இருந்து ஓட்டிக் காட்டுகிறேன்.